மயில்கழுத்து நிறத்தில் ஒரு கரும்பறவை

கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு தெருவோர உணவுக்கடையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மேசைமேல் ஒரு கரும்பறவை வந்து இறங்குகிறது. தட்டில் மீந்த ரொட்டித்துண்டை நோக்கி இரண்டு எட்டு வைக்கிறது. தலையைச் சாய்த்து, வெளிறிய மஞ்சள் கண்ணால் பக்கத்து மேசைக்காரரை ஒரு பார்வை பார்க்கிறது. துண்டைக் கவ்விக்கொண்டு பனைமரத்துக்குப் பறந்துவிடுகிறது. உள்ளூர்க்காரர் எவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊர் டீக்கடை வாசலில் காக்கை வந்து உட்கார்ந்தால் நாமும் அப்படித்தானே இருக்கிறோம்.

அந்தப் பறவையின் பெயர் கிராக்கிள். முழுப்பெயர் பெரிய அண்டிலிஸ் கிராக்கிள். 'பெரிய' என்ற சொல் பறவையின் உருவத்தைக் குறிப்பதாக நினைத்துவிட வேண்டாம். கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய பெரிய தீவுகளின் கூட்டத்துக்குப் பெரிய அண்டிலிஸ் என்று பெயர். அந்தத் தீவுகளிலும் அருகிலுள்ள கேமன் தீவுகளிலும் மட்டுமே இது வாழ்கிறது. இதன் நெருங்கிய உறவான கரீப் கிராக்கிள் தெற்கே சிறிய அண்டிலிஸ் தீவுகளிலும், டிரினிடாடிலும், தென் அமெரிக்காவின் வடகரையிலும் வாழ்கிறது. முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்தக் கட்டுரையில் இரண்டைப் பற்றியும் பேசுகிறேன்.

இந்தப் பறவைகளுக்கு மனிதர்கள் வைத்த பெயர்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு இவற்றின்மேல் பற்று வந்தது. கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் அத்தனையும் ஏதோ ஒரு வகையில் பிழைபட்டிருக்கின்றன. காதால் கேட்டு வைத்த பெயர்களோ கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆகவே பெயர்களிலிருந்தே தொடங்குவோம்.

காக்கையா, மைனாவா?

ஐரோப்பாவில் வாழும் ஒரு சிறிய காக்கை இனத்துக்கு லத்தீன் மொழியில் கிராகுலஸ் என்று பெயர். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1758இல் அந்தச் சொல்லைத் தழுவி 'கிராகுலா' என்று ஒரு பேரினத்தை அமைத்தார். நம் மலை மைனாவை அதில் சேர்த்தார். வட அமெரிக்காவின் கரும்பறவை ஒன்றையும் அதே பேரினத்தில் சேர்த்துவிட்டார். இரண்டும் கறுப்பு, இரண்டும் பளபளப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பாடம் செய்த தோல்களையும் வரைந்த படங்களையும் வைத்துக்கொண்டு கண்டங்களைத் தாண்டி வகைப்படுத்திய காலம் அது. இப்படி நேர்ந்ததில் வியப்பில்லை.

1816இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ அமெரிக்கப் பறவைகளைப் பிரித்தெடுத்து 'குவிஸ்காலஸ்' என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். பெயரின் வால் மட்டும் ஒட்டிக்கொண்டேவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் பறவை நூல்களைப் புரட்டினால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மலை மைனாவும், இலங்கைக் காடுகளின் மலை மைனாவும் 'கிராக்கிள்' என்றே எழுதப்பட்டிருக்கும். பழைய நூல் ஒன்றில் அந்தச் சொல்லைக் கண்டால் எந்த நாட்டைப் பற்றிய நூல் என்று முதலில் பாருங்கள்.

நம் கதாநாயகனுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய குழப்பம். 1783இல் ஹாலந்து நாட்டு இயற்கையியலாளர் போடார்ட் இதற்கு 'ஓரியோலஸ் நைகர்' என்று பெயர் வைத்தார். ஓரியோலஸ் என்பது மாங்குயிலின் பேரினம். நைகர் என்றால் கறுப்பு. அதாவது, கறுப்பு மாங்குயில்! ஆக, காக்கையின் பெயர் மைனா வழியாக வந்து சேர்ந்த ஒரு பறவை, சில காலம் மாங்குயிலின் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது.

உண்மையில் இது மூவருக்கும் உறவில்லை. கிராக்கிள்கள் இக்டெரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய நூறு இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தீவுகளிலும் மட்டுமே உண்டு. நம் நாட்டில் அந்தக் குடும்பத்தில் ஒரு பறவைகூட இல்லை. தமிழில் இதற்குத் தனிப்பெயர் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

பிறகு ஏன் இப்படி மைனாவை நினைவூட்டுகிறது? செய்யும் வேலை ஒன்றாக இருப்பதால்தான். மனிதர் வாழும் இடத்தை ஒட்டியிருப்பது, தரையில் நடந்து இரை தேடுவது, பூச்சியானாலும் பழமானாலும் எச்சில் சோறானாலும் உண்பது, மாலையில் கூட்டமாக ஒரே மரத்தில் அடைவது. நம் பக்கம் மைனாவும் காக்கையும் எடுத்துக்கொண்ட பிழைப்பை அந்தத் தீவுகளில் இது எடுத்துக்கொண்டது. ஒரே தொழில் செய்பவர்களுக்கு நடையுடை ஒன்றுபோல ஆகிவிடுவதில்லையா, அப்படி. அளவிலும் இது இருவருக்கும் இடைப்பட்டது. அலகிலிருந்து வால் நுனி வரை 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். மைனாவைவிடச் சற்று நீளம், காக்கையைவிட நன்றாகவே சிறிது.

கறுப்பு என்ற பொய்

இப்போது 'நைகர்' என்ற பெயருக்கு வருவோம். கிராக்கிளை நிழலில் பார்த்தால் கறுப்புதான். மேகம் மூடிய நாளில் பார்த்தாலும் கறுப்புதான். வெயிலில் ஓர் ஆண் பறவை உங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் நடக்கும்போது பாருங்கள். தலையிலும் முதுகிலும் ஊதா ஏறும். அது ஓர் அடி எடுத்து வைத்தால் அந்த ஊதா நழுவி எஃகு நீலமாகும். இறக்கையில் பச்சை தட்டும். அடுத்த அடியில் எல்லாம் அணைந்து மறுபடியும் கறுப்பு.

தமிழில் இந்த நிறத்துக்கு மிக நல்ல சொல் ஒன்று உண்டு: மயில்கழுத்து நிறம். பட்டுப்புடவை வாங்கப் போனால் கடைக்காரர் விரித்துக் காட்டுவாரே, ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் கொடுத்து நெய்யும் கைவேலை அது. கிராக்கிளின் இறகு பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புடவையில் இரண்டு சாயங்கள் இருக்கின்றன. இறகில் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. உதிர்ந்த இறகொன்றை எடுத்து அம்மியில் வைத்து அரைத்தால் கருமையும் பழுப்பும் கலந்த பொடிதான் கிடைக்கும். ஊதா எங்கே போயிற்று?

அது பொருளில் இல்லை, அடுக்கில் இருந்தது. இறகின் நடுத்தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் பிரிகின்றன. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அந்தக் கெரட்டின்தான் நுண்ணிழையின் மேற்தோல். அந்தத் தோல் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லிய படலம். அதற்கு நேர் கீழே மெலனின் துகள்கள் வரிசையாக அணிவகுத்திருக்கின்றன. மெலனின் என்பது நம் தோலுக்கும் முடிக்கும் கருமை தரும் அதே நிறமிதான்.

வெயில் படும்போது ஒளியின் ஒரு பகுதி மேற்தோலிலேயே பட்டுத் திரும்புகிறது. இன்னொரு பகுதி உள்ளே நுழைந்து, மெலனின் அடுக்கின் விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. இந்த இரண்டாவது பகுதி சற்றே அதிக தூரம் போய் வந்திருக்கிறது. வெளியே வந்து இரண்டும் சேரும்போது சில நிறங்களின் அலைகள் மேடும் மேடுமாகப் பொருந்தி வலுக்கின்றன. வேறு சில நிறங்களின் அலைகள் மேடும் பள்ளமுமாக மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வலுத்த நிறம் நம் கண்ணை எட்டுகிறது. உள்ளே புகுந்த மீதி ஒளியை மெலனின் விழுங்கிவிடுகிறது. அதனால் அந்த நிறம் கறுப்புப் பலகைமேல் எழுதியதுபோலத் துலக்கமாகத் தெரிகிறது.

மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய நீர்மேல் எண்ணெய்ப் படலம் வானவில்லாக மினுங்குவதும், சோப்புக் குமிழியில் நிறங்கள் சுழல்வதும் இதே கணக்குதான். பறவை நகர்ந்தால் நிறம் மாறுவது ஏன் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பார்க்கும் கோணம் மாறினால் உள்ளே போய்வரும் ஒளியின் தூரம் மாறுகிறது. தூரம் மாறினால் வலுக்கும் நிறமும் மாறுகிறது.

கிராக்கிள் குடும்பத்திலேயே மினுங்காத கறுப்புப் பறவைகளும் உண்டு. இரண்டு வகை இறகுகளையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. மூலப்பொருள் இரண்டிலும் அதே கெரட்டின், அதே மெலனின். மங்கலான இறகில் மெலனின் துகள்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. மினுங்கும் இறகில் அவை மேற்தோலுக்குக் கீழே ஒழுங்கான படலமாக அடுக்கப்பட்டிருந்தன. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. புதிதாக எதையும் சேர்க்காமல், இருந்ததை அடுக்கியதாலேயே கறுப்பிலிருந்து ஊதா பிறந்திருக்கிறது.

இதைப் பார்க்கக் கரீபியத் தீவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஊதாத் தேன்சிட்டின் ஆண் பறவை உங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு வரும்போது கவனியுங்கள். கிளைக்கு அப்பால் நிழலில் கரித்துண்டு. பூவின்மேல் வெயிலில் திரும்பியதும் நீலமும் ஊதாவும். அங்கும் நடப்பது மெலனின் அடுக்கின் விளையாட்டே.

1838இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஸ்வெயின்சன் கரீப் கிராக்கிளுக்கு 'லுகுப்ரிஸ்' என்று பெயர் சூட்டினார். துக்கம் தோய்ந்தது என்று பொருள். கறுப்பு உடையைக் கண்டால் இழவு நினைவு வரும் நாட்டில் பிறந்தவர் அவர். வெயிலில் அந்தப் பறவையைப் பார்த்தவர் எவரும் துக்கம் என்ற சொல்லைத் தேடிப் போயிருக்கமாட்டார்.

நிறம் முழுமையாகப் பொலிவது ஆணிடம்தான். பெண் சற்றுச் சிறியது, மினுக்கமும் குறைவு. கரீப் கிராக்கிளில் தீவுக்குத் தீவு பெண்ணின் நிறம் மாறுகிறது. டிரினிடாடில் பழுப்பாக இருக்கும் பெண், பார்படோஸ் தீவில் நன்றாகக் கறுத்து ஆணை நெருங்கிவிடுகிறது. இளம்பறவையைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பறவையின் கண் வெளிர்மஞ்சள், இளசின் கண் பழுப்பு.

தூரத்திலிருந்து அடையாளம் காண வால் போதும். பெரும்பாலான பறவைகளின் வால் விசிறிபோலத் தட்டையானது. ஆண் கிராக்கிளின் வாலிலோ நடு இறகுகள் கீழே அமிழ்ந்து, ஓர இறகுகள் மேலே எழுந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் தோணியின் அடிப்பாகம்போலக் குழிந்திருக்கும். பறக்கும்போதும் இந்தக் குழிவு தெரியும். அதை வைத்தே பழகிய கண்கள் இன்னதென்று சொல்லிவிடும்.

காது வைத்த பெயர்கள்

தீவுகளின் மக்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள்? ஜமைக்காவில் க்ளிங்-க்ளிங். கேமன் தீவுகளில் சிங்-சிங். டொமினிகன் குடியரசில் சிஞ்சிலீன். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிறு மணியைத் தட்டியதுபோல ஒரு கிணுகிணுப்பு எழுகிறதல்லவா, அதுதான் இந்தப் பறவையின் குரல். எப்போதும் இனிமையாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். துருப்பிடித்த கீலில் கதவு திறப்பதுபோன்ற கிறீச்சொலியும் நடுநடுவே வரும். ஆனால் நினைவில் நிற்பது அந்த மணியொலிதான். போர்ட்டோ ரிக்கோ மக்கள் சாங்கோ என்றும் மொசாம்பிக் என்றும் வேறு வழியில் போய்விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் கிரெனடின்ஸ் தீவுகளில் வழங்குவது. அங்கே பெக்வே என்று ஒரு சிறு தீவு உண்டு. கரீப் கிராக்கிள் 'பெக்வே ஸ்வீட், ஸ்வீட், ஸ்வீட்' என்று கூவுவதாக அந்த மக்கள் காதில் விழுந்திருக்கிறது. பெக்வே இனிது, பெக்வே இனிது என்று பறவையே ஊரைப் பாராட்டுகிறது. பறவைக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. நாமும் இதைச் செய்திருக்கிறோம். கா என்று கரைந்ததைக் காகம் என்றோம். அக்கா, அக்கா என்று ஏங்கியதாகக் கேட்டதை அக்காக்குருவி என்றோம்.

மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த இரு தீவுகளும் கரீப் கிராக்கிளின் சொந்த மண். வெட்டிய கரும்புக்கிடையே பூச்சி பொறுக்க வந்த கரும்பறவையைப் பார்த்து, ஊர்க் காக்கையின் நினைப்பில் ஒரு பிடி சோறு வைத்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள் என்றே என் மனம் சொல்கிறது.

தண்ணீரில் தோய்க்கும் கலை

நம் வீட்டு மொட்டைமாடியில் காக்கை காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கரீப் கிராக்கிளும் அதைச் செய்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பார்படோஸ் தீவில் இதை முறையாக ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள்.

கெட்டியான உலர்ந்த துண்டு கிடைத்தால் பறவை அதை அலகில் கவ்வியபடி குட்டைக்கு நடக்கிறது. நீரில் விட்டு விட்டு எடுக்கிறது. ஊறிய துண்டு விரைவில் தொண்டைக்குள் இறங்கும். இலாபம் அது. நட்டமும் உண்டு. குட்டை தொலைவில் இருந்தால் நடக்கும் நேரம் வீண். அதைவிடப் பெரிய தொல்லை, நீரில் விட்டு எடுக்கும் அந்த நொடியில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கிராக்கிள் பாய்ந்து பறித்துக்கொண்டு போய்விடும். ஆகவே பறவை கணக்குப் போடுகிறது. துண்டு எப்படிப்பட்டது, நீர் எவ்வளவு தூரம், திருடர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத் தோய்ப்பதும் தோய்க்காமல் விழுங்குவதும் மாறுகின்றன.

இப்படித் தட்டிலிருந்து திருடுவதாலும் தானியத்தில் வாய் வைப்பதாலும் தீவுகளில் இதற்கு நல்ல பெயர் கிடையாது. பூச்சிகளைத் தின்பதும், மாடுகளின்மேல் ஏறி உண்ணி பொறுக்குவதும் அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. கியூபாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த தோத்தி என்ற கரும்பறவை உண்டு. கிராக்கிளோடு கலந்தே திரியும், தெரியாதவர் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார்கள். 'எல்லாப் பறவையும் அரிசி தின்னும், பழி மட்டும் தோத்திக்கு' என்று அங்கே ஒரு பழமொழி வழங்குகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அவர்கள் பறவைமேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

கூடு

கிராக்கிள்கள் தனித்துக் கூடு கட்டுவதில்லை. ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். புல்லும் குச்சியும் சேர்த்த ஆழமான கிண்ணம்போன்ற கூடு. கரீப் கிராக்கிள் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். ஏறக்குறைய 12 நாளில் குஞ்சு பொரியும், இன்னும் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுவிடும். அந்த நாட்களில் மரத்தடியில் நடப்பவர் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். நாயோ கீரியோ மனிதனோ, கூட்டை நெருங்குவது யாரானாலும் பாய்ந்து வந்து விரட்டும்.

ஆனால் கூட்டுக்கு வரும் ஆபத்துகளில் ஒன்று அப்படி விரட்டி அடங்குவதில்லை. தென் அமெரிக்காவில் மினுக்கும் மாட்டுப்பறவை என்று ஓர் இனம் உண்டு. இதுவும் இக்டெரிடே குடும்பம்தான். ஆண், வெயிலில் ஊதா மினுங்கும் கறுப்பு. கிராக்கிளின் தம்பி என்றே சொல்லலாம். மேய்ச்சல் நிலங்களை விரும்பும் இந்தப் பறவை, காடு அழியும் இடமெல்லாம் தன் எல்லையை நீட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு வடக்கே பரவி, 1950களில் போர்ட்டோ ரிக்கோவை எட்டியது. இது கூடு கட்டுவதில்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல, அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

அந்தத் தீவுக்கே உரிய மஞ்சள்தோள் கரும்பறவை இதை அறியவில்லை. வந்த முட்டையைத் தன்னுடையதென்று அடைகாத்தது, அந்நியக் குஞ்சுக்கு ஊட்டியது, தன் குஞ்சுகளை இழந்தது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1976இல் அமெரிக்க அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கும் நிலை வந்தது.

கிராக்கிள் கூடுகளில் ஆய்வாளர்கள் அந்நிய முட்டைகளைத் தாங்களே வைத்துச் சோதித்தார்கள். கிராக்கிளின் முட்டை நீலம் பாய்ந்தது, அதன்மேல் கருங்கோடுகள் கிறுக்கியதுபோல ஓடும். மாட்டுப்பறவையின் முட்டை வெளிறியது, செம்பழுப்புப் புள்ளிகள் கொண்டது. கிராக்கிள் கூட்டுக்குத் திரும்பியது, குனிந்து பார்த்தது, தன்னுடையதல்லாத அந்த ஒன்றை மட்டும் அகற்றிவிட்டு மற்றவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது.